பேரெடுத்த பிக்சர் டியூப்கள்

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு பகல் தூக்கம். சேலையூரில் மாடிப் போர்ஷன், மேற்குப் பார்த்த ஜன்னல். சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குப் படுத்தால், இரண்டரைக்கு ஏதாவது ஒரு விமானச் சத்தம் எழுப்பிவிடும். முழுதாக எழுப்பாது, பாதிதான். அந்தப் பாதி விழிப்பில், மூடிய இமைக்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கட்டம் கட்டமாய்க் கோடுகள் ஓடும். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வெள்ளையாகப் பார்க்கும், ஆகாமல் நழுவும். வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் கண் மட்டும் இன்னும் ஷிப்டில்தான் இருக்கிறது.

போன மாதம் அப்படிக் கிடந்தபோது சுதா போன் செய்தாள். எங்கள் டி.வி. கம்பெனியின் தாம்பரம் டிப்போவில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"வசந்தாக்கா, தூங்கிட்டீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த வருஷத்துக்கு இவ்ளோ பழைய டி.வி.யைத் திரும்ப எடுத்தே ஆகணும்னு டார்கெட் குடுத்துட்டாங்க. எடுக்கலேன்னா ஃபைன். தயாரிச்சவன்தான் பொறுப்புன்னு சட்டமே சொல்லுது. உங்க காலத்துல சட்டமே கிடையாதே, அப்புறம் எப்படி எடுத்தீங்க? ஏன் எடுத்தீங்க?"

எப்படி என்பதற்குப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பதற்கு வாயில் பதில் வரவில்லை. அவசரத்தில் சொன்னால் தப்பாகச் சொல்லிவிடுவேன் என்று பட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கூடுவாஞ்சேரி தாண்டி ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் இருந்தது எங்கள் தொழிற்சாலை. பத்தொன்பது வயதில் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் இன்று நினைவிருப்பது, கறுப்புத் திரை போட்ட ஒரு சின்ன அறையும், 'கண் சிமிட்டாமல் பார்' என்ற அதட்டலும்தான். பிக்சர் டியூபின் கழுத்தில் ஒரு செம்புச் சுருள் மாட்டியிருக்கும். திரையில் தெரியும் மூன்று நிறக் கோடுகளும் ஒன்றாகி வெள்ளையாகும்வரை அந்தச் சுருளை மெல்ல மெல்லச் சாய்க்க வேண்டும். ஒன்றானதும், சுருள் மறுபடி அசையாதபடி சுற்றிலும் மூன்று ரப்பர் ஆப்புகளைச் செருகிக் கண்ணாடியோடு பசை போட்டு ஒட்ட வேண்டும். 'சரி பார்த்தாயிற்று' என்பதற்கு அடையாளமாக ஆப்பின்மேல் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைக்க வேண்டும். "என்னம்மா வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "நாள் முழுக்க ஆப்பு வைக்கிறேன் சித்தப்பா" என்பேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பொட்டு வைப்பதில் ஒவ்வொருத்திக்கும் ஒரு கை. மேரி வைத்தால் மிளகு. கௌசல்யா வைத்தால் கால் ரூபாய். எனக்குக் கை இழுக்கும், அதனால் என் பொட்டுக்கு எப்போதும் ஒரு வால் உண்டு. சூப்பர்வைசர் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார், வால் போகவில்லை.

பிறகு தட்டை டி.வி. வந்தது. டியூப் டி.வி. செய்யும் வரிசையை மூடினார்கள். என்னைத் தாம்பரம் டிப்போவுக்கு மாற்றினார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தலைமைக் கம்பெனி இருக்கும் நாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே, டி.வி. செய்தவனே பழைய டி.வி.யைத் திரும்ப வாங்கிப் பத்திரமாகப் பிரித்து அழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். இங்கே அப்போது அப்படி ஒரு சட்டம் இல்லை. இருந்தாலும் 'விருப்பத்தின் அடிப்படையில்' இங்கும் செய்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"யார் விருப்பம் சார்?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"இப்போதைக்கு யாருக்கு வேலை இல்லையோ அவங்க விருப்பம்மா" என்றார். அப்படித்தான் திரும்பப் பெறும் பிரிவு என்பது நானாகவும், ஒரு மேஜையாகவும், ஒரு எடைத் தராசாகவும் ஆனது.

மேனேஜர் வரதராஜன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தப் படிவம் போனாலும் ஸ்கேலை வரிக்கடியில் வைத்து, வாய்விட்டு, மெதுவாக, யாருக்கோ வந்த கடிதத்தைப் படித்துக் காட்டுவதுபோல் படிப்பார். நாம் எழுதிய தப்பு நம் காதிலேயே விழும். அவர் திருத்தவே வேண்டாம். நம்மோடு ஒத்துப்போக முடியாதபோது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அதைப் பார்ப்பதற்கு, அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பழைய பொருள் வாங்கும் முறையை அவரே வகுத்தார். வந்த டி.வி.யைத் திருப்பிப் போட வேண்டும். முதுகில் இருக்கும் பெயர்த் தகட்டைத் துணியால் துடைத்து, மாடலையும் நம்பரையும் படிவத்தில் எழுத வேண்டும். வெறும் டியூபாக வந்தால் டியூபில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் பார்க்க வேண்டும். பிறகு மறுபடி யாரும் ஓட்டக்கூடாது என்று பவர் ஒயரை வெட்டித் திரையில் சாக்பீசால் குறுக்கே கோடு போட வேண்டும். பெயர் எங்களுடையதாக இல்லாவிட்டால் மரியாதையாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"பேர் இருந்தா பொறுப்பு, வசந்தா. பேர் இல்லேன்னா வெறும் பரிதாபம். பரிதாபத்துக்கு நம்மகிட்ட படிவம் இல்லை."

ஷாகுல் பாய் டிப்போவுக்கு வந்தது ஒரு புரட்டாசி மாதம். மாடம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் தகரக் கொட்டகை போட்டு, பழைய டி.வி., கம்ப்யூட்டர் பிரிக்கும் வேலை அவருக்கு. நான்கு பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். செம்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் போர்டுக்கும் ஆள் வந்து வாங்கிப் போவார்கள். கண்ணாடி டியூபை மட்டும் யாரும் சீண்டுவதில்லை, ஏனென்றால் அதற்குள் ஈயம் இருக்கிறது. அது மலையாகச் சேர்ந்துவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, மாதக் கடைசிக்குள் அத்தனை டியூபையும் ஒழுங்கான இடத்தில் ஒப்படைக்காவிட்டால் கொட்டகைக்கு சீல் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஒடைச்சு ஏரியில கொட்டிடு, ஒரே நாள் வேலைன்றான் எல்லாரும்" என்றார் பாய். "அந்த ஏரித் தண்ணிதாம்மா எங்க போர்ல ஊறுது. என் பேரனே அதத்தான் குடிக்கிறான். நீங்க பழைய மாலு எடுக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். எடுத்துக்கினா சீல் வெக்காம வுட்ருவாங்கோ. நாலு பொம்பளைங்க சோறு கீது இதுல."

"என்ன மாதிரி சரக்கு பாய்?"

"எல்லாமே பேரெடுத்த மாலும்மா. ஒண்ணு வுடல."

எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. பேரெடுத்த மால் என்றால் நல்ல பேர் வாங்கிய கம்பெனிகளின் சரக்கு என்றுதானே அர்த்தம்? ஊர்பேர் தெரியாத அசெம்பிள்டு செட்டுகள் இல்லை. 'அனைத்தும் புகழ்பெற்ற நிறுவனங்களுடையவை. நம்முடையதும் கணிசமாக உண்டு' என்று அறிக்கை எழுதினேன். 'கணிசமாக' என்பது என் சொந்தச் சரக்கு. சார் ஸ்கேலை வைத்துப் படித்தார். 'புகழ்பெற்ற' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு லாரிக்குக் கையெழுத்துப் போட்டார்.

லாரியோடு நானும் போனேன். மழை பெய்து விட்டிருந்த பிற்பகல். அந்தக் காட்சியை இன்றும் என்னால் கனவிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. கொட்டகைக்குப் பின்னால், ஏரியைப் பார்த்தபடி, வரிசை வரிசையாக டியூப்கள் முகம் நிமிர்த்திக் கிடந்தன. ஒவ்வொரு சாம்பல் நிறத் திரையிலும் ஒரு துண்டு வானம். மேகம் நகர நகர, முதல் வரிசையில் இருந்த மேகம் இரண்டாவது வரிசைக்குப் போயிற்று, பிறகு மூன்றாவதற்கு. ஒரு கொக்கு பறந்தது. அது எல்லா டி.வி.யிலும் ஒரே நேரத்தில் பறந்தது. கரண்ட் இல்லை, கம்பி இல்லை, ஆனால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. நான் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

"மேடம், இதுல பேரே இல்லையே" என்று லாரி டிரைவர் குரல் கொடுத்தபோதுதான் தரைக்கு வந்தேன்.

குனிந்து பார்த்தேன். முதல் டியூபில் சீட்டு இல்லை, சுரண்டிய தடம் மட்டும் இருந்தது. அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும்.

"என்ன பாய் இது? பேரெடுத்த மாலுன்னு சொன்னீங்களே!"

"ஆமாம்மா. அத்தனையும் பேரெடுத்தாச்சு. ஒண்ணுல பேரு இருக்கான்னு பாரு" என்றார் பெருமையாக.

டிரைவர் லாரிக் கதவில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர்கள் தொழிலில் பேரெடுப்பது என்றால் பெயரைக் கழற்றி எடுப்பது. செட்டு உள்ளே வந்ததும் முதல் வேலை அதுதான். பாய் விளக்கினார்: ஒருமுறை அவருடைய அண்ணன் வாங்கிய செட்டு திருட்டு மால் என்று, தகட்டு நம்பரை வைத்துக்கொண்டு போலீஸ் வந்து அவரைக் கூட்டிப் போய்விட்டது. மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சு. அன்றிலிருந்து அந்தக் கொட்டகையில், மற்ற எதைத் தொடுவதற்கும் முன்னால், பேரெடுத்துவிடுவார்கள்.

"பேர் இல்லேன்னா கம்பெனி எடுக்காது பாய்" என்றேன்.

அவர் முகத்திலிருந்த பெருமை அப்படியே வடிந்தது. வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நோட்டீஸ் கெடு முடிய ஐந்து நாள்தான் இருந்தது.

பக்கத்துக் கடையிலிருந்து சாருக்குப் போன் போட்டேன். "பேர் இருக்கா?" என்றார். "இல்லை சார்." மேஜைமேல் எதையோ 'டக்'கென்று வைக்கும் சத்தம் கேட்டது. கடிகாரம் கழன்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. "ஆனா சார், நம்மதைப் பார்த்தா எனக்குத் தெரியும். கண்ணாடியில நாங்க ஒட்டின ஆப்பு அப்படியே இருக்கு."

ஒரு மணி நேரத்தில் சாரே ஆட்டோவில் வந்து இறங்கினார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, சேற்றில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மடியில் படிவக் கட்டை வைத்துக்கொண்டார். நான் ஒவ்வொரு டியூபாகப் புரட்டினேன். செம்புச் சுருளை உருவி எடுத்தவர்கள் ரப்பர் ஆப்பை விட்டுவிட்டிருந்தார்கள், அதற்கு விலை இல்லை. வேறு கம்பெனிக்காரர்கள் ஆப்பின்மேல் வெள்ளை வைத்திருந்தார்கள், சிலர் எதுவுமே வைக்கவில்லை. பச்சைப் பொட்டு இருந்தால் நான் "நம்மது" என்பேன். சார் எழுதுவார். மிளகு இருந்தால் "மேரி" என்பேன். கால் ரூபாய் என்றால் "கௌசல்யா". அதையும் அவர் அடையாளம் என்ற கட்டத்தில் எழுதினார்.

வால் வைத்த பொட்டு ஒன்று வந்தபோது என் விரல் தானாக அந்த வாலைத் தடவியது. யார் வீட்டிலோ எத்தனையோ வருடம் ஓடியிருக்கிறது. அதன் முன்னால் எத்தனை பேர் சாப்பிட்டார்களோ, சண்டை போட்டார்களோ, கிரிக்கெட் பார்த்தார்களோ. நான் சாய்த்து நிறுத்திய அந்த வெள்ளைக் கோடு அத்தனை நாளும் அசையாமல் நின்றிருக்கிறது. பெருமையாக இருந்தது. உடனேயே, இந்த ஈயக் கண்ணாடியும் என் கைவேலைதான் என்று உறைத்தது.

"இது யாரு?" என்றார் சார்.

"நான் சார்."

அவர் தலை நிமிராமல் எழுதினார்.

பொழுது சாய்வதற்குள் எங்களுடையவை எல்லாம் லாரியில் ஏறின. கடைசியில் நாற்பத்தொன்று மிஞ்சின. அவை எங்களுடையவை அல்ல. சார் பாயைப் பார்த்து, "இதுக்கு மேல எனக்கு அதிகாரம் இல்லை பாய்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். பாய் மீதி டியூப்களை ஓர் ஓரமாக நகர்த்த ஆரம்பித்தார். அதைப் பார்க்கத் தாங்காமல்தான் நான் அதைச் சொன்னேன்.

"மீதியையும் நான் எடுத்துக்கிறேன் பாய். நாலு நாள் குடுங்க."

"எடுத்துக்கிறீங்களா?"

"எடுத்துக்கிறேன்."

அப்படிச் சொல்ல எனக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் சரியென்பார்கள் என்று ஒரு நப்பாசை. பத்து நாள் கழித்து 'பிற நிறுவனங்களின் பொருளுக்கு நாம் பொறுப்பல்ல' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதற்குள் நோட்டீஸ் கெடுவும் தாண்டியிருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பாயிடம் போவேன்? போகவில்லை. ஏரிப் பக்கம் போகும் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டுச் சுற்று வழியில் போனேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. படுக்கையில் மழைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாற்பத்தொரு திரையும் ஏரிக்கு அடியில் வானத்தைப் பார்த்துக் கிடப்பதுபோல் தோன்றும். உண்மையைச் சொல்கிறேன், அவர் ஏரியில் போட்டிருக்கட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். போட்டிருந்தால் என் வாக்கும் அதோடு முழுகிப்போயிருக்கும்.

கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள் மனசாட்சி அரித்தது தாங்காமல் போனேன். கொட்டகைக்கு சீல் இல்லை. பெண்கள் உட்கார்ந்து ஒயர் உரித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, ஒரு டியூப் இல்லை. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. எனக்கு நிம்மதியும் அருவருப்பும் சேர்ந்து வந்தது. அருவருப்பு என்மேல்தான்.

"அந்த நாப்பத்தொண்ணு என்னாச்சும்மா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"அதுவா? பாய் வூட்ல கீதுக்கா."

வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு ஹால், ஒரு சமையலறை. கதவைத் திறந்த பாயின் மனைவி ஜரினா அக்காவுக்குப் பின்னால் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் டியூப்கள். பீரோ ஓரம் டியூப்கள், மேலே சாக்கு போர்த்தி. சுவர் நெடுக இரண்டடுக்காக டியூப்கள், நடுவில் பழைய புடவைகளை மடித்து வைத்து. பேரன் அவற்றுக்கு இடையில் பாய் விரித்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவன் காலை நீட்ட இடமில்லை.

"கெடு முடியுறதுக்கு மொத நாளு தள்ளுவண்டியில கொண்டாந்தேன்" என்றார் ஷாகுல் பாய். "கொட்டகை காலியாச்சுன்னு எழுதிக்கினு போய்ட்டாங்கோ."

"ஏன் பாய் இப்படி? நான்தான் வரவே இல்லையே. எங்கயாவது குடுத்திருக்கலாமே."

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"நீங்க எடுத்துக்கிறேன்னு சொன்னீங்கல்லம்மா? அப்பவே அது என் மாலு இல்ல. உங்க மாலு. என்கிட்ட அமானிதமா கீது. அத எப்படி நானு ஒடைப்பேன்?"

அமானிதம் என்ற சொல்லை அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஜரினா அக்கா சொன்னார்: "ஒருத்தர் பொருளு நம்மகிட்ட இருந்தா அதுதாங்க அமானிதம். அவங்க வந்து கேக்குற வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கணும். நம்ம பொருளு தொலஞ்சா போவட்டும்னு வுடலாம், அத வுட முடியாது. பதில் சொல்லணும்ல?"

தலைமை அலுவலகம் பொறுப்பில்லை என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டது. செய்தவர்கள், விற்றவர்கள், பார்த்தவர்கள், தூக்கிப் போட்டவர்கள் யாரும் கேட்கவில்லை. ஒன்றைக்கூடச் செய்யாத ஒருவர், நான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு வார்த்தைக்காக, இருந்த ஒரே ஹாலை அவற்றுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

டிப்போவுக்குப் போய் நாற்பத்தொரு வரியும் நானே எழுதினேன். மாடல் தெரியவில்லை, நம்பர் தெரியவில்லை. 'நம் தயாரிப்பா?' என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. சார் ஸ்கேலை வைத்து முதல் வரியைப் படித்தார். கட்டத்துக்கு வந்ததும் நின்றார்.

"இது காலியா இருக்கே."

"நம்மது இல்லை சார். ஆனா எடுத்துக்கிறேன்னு நான் சொல்லிட்டேன்." நடந்ததை எல்லாம் சொன்னேன்.

கடிகாரத்தைக் கழற்றினார். மேஜைமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே எலெக்ட்ரிக் ட்ரெயின் ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியில போய் நீங்க ஒண்ணு சொன்னா, அது கம்பெனி சொன்ன மாதிரிதாம்மா" என்றார். "அடுத்த தடவை அங்க சொல்றதுக்கு முன்னாடி இங்க வந்து சொல்லுங்க." மீதி நாற்பது வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்காக அவருக்கு மெமோ வந்தது. எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை லாரி அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றது. ஒவ்வொன்றாகக் கைமாற்றித் தூக்கிப் போனோம். பாய் வாசலில் நின்றுகொண்டு எண்ணினார். "முப்பத்தொம்பது. நாப்பது." பிறகு உள்ளே போனவர் வெளியே வர நேரமானது. வந்தபோது கையில் ஒரு டியூபும், அதன்மேல் நூல் சுற்றிய செய்தித்தாள் பொட்டலம் ஒன்றும் இருந்தன. முகம் சுண்டிப்போயிருந்தது.

"நாப்பத்தொண்ணு. ஆனா இதோட கழுத்து ஒடஞ்சு போச்சும்மா. பேரப்புள்ள தூக்கத்துல ஒதச்சிட்டான். சில்லு ஒண்ணு வுடாம பொறுக்கி வெச்சிருக்கேன், பாத்துக்கோங்க." பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பொருளு."

நான் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டேன்.